ஏஎல்எஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள், வந்தது ஆம்னி

போன மாதம் 21 கி.மீ. ஓட்டம் நடத்தி முடித்தோம், 1,200 பேர். எல்லோரும் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள். ஆனாலும் மருத்துவ ஏற்பாட்டில் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. அடுத்து நடத்தப்போகிறவர்களுக்கு உதவட்டும்.

காவல் துறை அனுமதிக்கு மருத்துவமனைக் கடிதம் வைத்தும் மனு திரும்பி வந்தது. வண்டி எண், ஓட்டுநர் பெயர், பொறுப்பு மருத்துவரின் பதிவு எண் மூன்றும் கடிதத்திலேயே வேண்டும் என்றார்கள். முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், ஒரு நடை மிச்சம். மற்ற அனுமதிகளில் பிரச்சினை இல்லை.

வினை வந்தது ஓட்டத்தன்று காலை 4 மணிக்கு. ஒப்பந்தத்தில் இரண்டு ஏஎல்எஸ் வண்டி, அதாவது உயிர்காக்கும் உயர்நிலைக் கருவிகள் உள்ள ஆம்புலன்ஸ். ஒன்று சரியாக வந்தது. இன்னொன்றுக்குப் பதில் ஸ்ட்ரெச்சர் போட்ட ஆம்னி வேன். ஏஐஎஸ்-125 என்ற வாகனத் தர விதிப்படி ஆம்புலன்ஸில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை உண்டு. பி வகை நோயாளியைக் கொண்டுபோக மட்டும், சி வகை பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு வசதி மட்டும்), டி வகைதான் ஏஎல்எஸ். கடிதத்தில் 'ஆம்புலன்ஸ்' என்று மட்டும் இருந்தால் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். எங்கள் கடிதத்தில் 'ஏஎல்எஸ்' என்று இருந்தும், வண்டி எண்ணை எம்பரிவாஹன் என்ற அரசு வாகனச் செயலியில் போட்டுப் பார்க்கத் தவறினோம். ஆம்புலன்ஸாகப் பதிவானதா, எந்த மாடல், எஃப்சி (தகுதிச் சான்று) எதுவரை என்பது அதில் தெரியும். முந்தின நாளே செய்துவிடுங்கள்.

ஆம்னியின் உள்ளே பார்த்ததும் வயிறு கலங்கியது. பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரின் மீட்டர் 40 காட்டியது. நிரம்பியிருந்தால் 150 காட்டும், சுமார் 1,500 லிட்டர். கணக்கு சுலபம்: இந்த வகை சிலிண்டரில் மீட்டர் எண்ணைப் பத்தால் பெருக்கினால் லிட்டர். 40 என்றால் 400 லிட்டர். மூச்சுத் திணறுகிறவருக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் வைத்தால் அரை மணி நேரம்கூட வராது. சிலிண்டரைத் திறக்கும் சாவி வேறு வண்டியில் இருந்தது! சக்‌ஷன் மெஷின் (தொண்டையில் அடைப்பதை உறிஞ்சி எடுப்பது) சார்ஜ் இல்லாமல் ஓடவே இல்லை. ஏஇடியில் (நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் மார்பில் ஒட்டும் பேடின் காலாவதி ஏழு மாதம் முன்பே முடிந்திருந்தது. ஜெல் காய்ந்த பேட் வியர்த்த மார்பில் ஒட்டாது. வேறு கம்பெனி பேடை வாங்கி மாட்டலாம் என்றால் சாக்கெட் பொருந்தாது. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு ஏஇடி இருந்தது, அதை முழுசாக இரவல் வாங்கினோம். பேட் ஒட்டுவதற்காக மார்பு முடியை மழிக்க ஷேவிங் ரேஸர், வியர்வையைத் துடைக்கத் துண்டு, சட்டையை வெட்டக் கத்தரிக்கோல் மூன்றையும் அதோடு கட்டி வைத்தோம்.

ஆம்னியைத் திருப்பி அனுப்பி, வேறு மருத்துவமனையிலிருந்து வண்டி வரும்வரை ஓட்டத்தை 20 நிமிடம் தள்ளிவைத்தோம். முணுமுணுப்பு எழுந்தது. எழட்டும். ஒரே வண்டியோடு தொடங்கினால், முதல் ஆளை ஏற்றிக்கொண்டு அது கிளம்பிய நிமிடமே மைதானத்தில் எதுவும் இல்லை.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதிலும் இழுபறி. மேடைக்கு அருகில்தான் நிறுத்துவோம் என்று வண்டிக்காரர்கள் நின்றார்கள். ஓடுகிறவர்கள் பெரும்பாலும் விழுவது கடைசி மூன்று நான்கு கிலோமீட்டரில். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் சிபிஆர் முதலுதவியும் இல்லாவிட்டால், ஷாக் ஒவ்வொரு நிமிடம் தாமதமாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. கூட்டத்துக்குள் வேன் நுழையாது. அதனால் ஏஇடியோடு ஒரு சைக்கிள் ஆளையும் கடைசிப் பகுதியில் சுற்றவிட்டோம்.

19-வது கிலோமீட்டரில் ஒருவர் உளறிக்கொண்டே தள்ளாடினார். நெற்றி தெர்மாமீட்டர் 38.1 டிகிரி செல்சியஸ் என்றது. நர்ஸ் டிஎன்எஸ் (சர்க்கரையும் உப்பும் கலந்த டிரிப்) பாட்டிலை மாட்டத் தயாரானார். ஓடி வந்தவருக்கு நெற்றி அளவை நம்பக்கூடாது, ஆசனவாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பார்த்தால் 41.2. வெப்பத்தாக்கு! தார்ப்பாயில் படுக்கவைத்து, ஆறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, நான்கு குடம் தண்ணீரும் உடைத்த ஐஸ் பாரும் கொட்டிக் கலக்கினோம். 18 நிமிடத்தில் 38.9. அதற்குப் பிறகே வண்டியில் ஏற்றினோம். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது.

டிஎன்எஸ் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. உடல் சூடும் சர்க்கரையும் சரியாக இருந்து, வாந்தியும் குழப்பமும் விரல் வீக்கமும் இருந்தால், தண்ணீர் அதிகம் குடித்து சோடியம் இறங்கியிருக்கலாம். அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு டிரிப் ஏற்றினால் மூளை வீங்கும். சோடியம் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

எட்டு மணிக்கு மருத்துவர் 'ஓபி இருக்கிறது' என்று கிளம்பிவிட்டார். பேச்சு பதினொரு மணி வரை, ஆனால் வாய்ப்பேச்சு. ஒவ்வொருவரின் பெயர், பதிவு எண், வரும் நேரம், போகும் நேரம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பணத்தில் பாதியைக் காலைப் பரிசோதனைக்குப் பிறகும், மீதியை நோயாளிப் பதிவேட்டின் நகல் வந்த பிறகும் கொடுங்கள். எங்களுக்கு அந்த நகல் இன்னும் வரவில்லை. மீதிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்.