எத்தனை வரிசை போதும்?

சுழலும் இயந்திரங்களின் அதிர்வுகளை ஆராயும் பணியில் நீண்ட பதிவு கிடைப்பது அரிது; சுமை மாறிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் சமிக்ஞையின் இயல்பு மாறாமல் இருப்பது சில வேளை அரை நொடிதான். அரை நொடிப் பதிவிலிருந்து, 2 ஹெர்ட்ஸுக்கும் நெருக்கமான இரு அதிர்வெண்களைப் ஃபூரியர் முறையால் பிரித்துக் காண்பது கடினம் என்பதால், ஒவ்வொரு தரவுப் புள்ளியையும் அதற்கு முந்தைய புள்ளிகளின் நேரியல் கூட்டலாக எழுதும் ஏ.ஆர். (தன்பின்னடைவு) மாதிரியை நாடுகிறோம்; அதில் சேரும் முந்தைய புள்ளிகளின் எண்ணிக்கையே வரிசை, அவை ஒவ்வொன்றின் பெருக்கெண்ணே கெழு. சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தை விளக்க 1927-இல் புள்ளியியலாளர் யூல் முந்தைய 2 மதிப்புகளையே எடுத்துக்கொண்டார். எங்கள் சமிக்ஞைகளுக்கு எத்தனை வேண்டும் என்பதில்தான் வேலையின் பெரும்பகுதி கழிகிறது.

வரிசை குறைந்தால், மாதிரி தரும் நிறமாலையில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் வளைகோட்டில்) அடுத்தடுத்த முகடுகள் ஒரே மேடாகிவிடும். கூடினால் இரைச்சலே முகடாக எழும். பின்னதையே நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனெனில் மங்கலான நிறமாலையை எவரும் சந்தேகிப்பார்கள், கூர்மையான முகட்டை நம்பிவிடுவார்கள்.

வரிசையைக் கூட்டக் கூட்டக் கணிப்புப் பிழை குறைந்துகொண்டே போவதால், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. எனவே பிழையோடு கெழுக்களுக்கான தண்டத்தையும் கூட்டி, தொகை மிகக் குறையும் வரிசையைத் தேர்கிறோம். அகாய்கேயின் அளவுகோல் ஒவ்வொரு கெழுவுக்கும் 2 என்று தண்டம் விதிக்கிறது. 1978-இல் ரிசானன் முன்வைத்த அளவுகோலில் அது புள்ளிகளின் எண்ணிக்கையின் இயல் மடக்கை, அதாவது 64 புள்ளிகளுக்கு ஏறத்தாழ 4.2. ஒருமுறை, நொடிக்கு 128 புள்ளிகள் என எடுத்த அரை நொடிப் பதிவில் முன்னது 19 என்றும் பின்னது 8 என்றும் காட்டின. அகாய்கே வளைகோடோ 12-க்குப் பிறகு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடந்தது. அத்தகைய கோட்டில் மிகத் தாழ்ந்த புள்ளி எது என்பது பெரும்பாலும் இரைச்சலின் தற்செயல்.

8 போதாது என்று கருத எனக்குக் காரணம் இருந்தது. இரைச்சலற்ற ஒவ்வொரு சைன் அலைக்கும் 2 கெழுக்கள் போதும். ஆனால் அளவீட்டின் வெள்ளை இரைச்சல் (எல்லா அதிர்வெண்களிலும் சமமாகப் பரவியது) சேர்ந்ததும் சமிக்ஞை தூய ஏ.ஆர். வகையாக இராது, அதை ஈடுகட்ட வரிசையை உயர்த்தித்தான் ஆகவேண்டும். ஆகவே வரிசையைப் படிப்படியாக உயர்த்தி முகடுகளின் நடத்தையைக் கவனித்தேன். நிமிடத்துக்கு 1500 சுற்று என்ற வேகத்துக்குரிய 25 ஹெர்ட்ஸ் முகட்டை ஒட்டி 12-ஆம் வரிசையில் 26.5 ஹெர்ட்ஸில் இன்னொன்று பிரிந்து, 20 வரை இடம் மாறாமல் நின்றது. 16-இல் 41 ஹெர்ட்ஸில் தலைகாட்டியதோ ஒவ்வொரு வரிசைக்கும் நகர்ந்தது; அதை ஒதுக்கினேன்.

ஆனால் நிலையாக நிற்பது மட்டும் போதாது. கெழுக்களைக் கணக்கிடும் பர்க் முறையில் வரிசை அதிகமானால், இரைச்சல் குறைந்த ஒற்றைச் சைன் அலையே இரு முகடுகளாகப் பிளவதுண்டு. நாங்கள் தேடுவதும் அதே தோற்றத்தைத்தான் என்பது இதில் உள்ள வேடிக்கை. அந்தப் பிளவு அலையின் தொடக்கக் கட்டத்தை, அதாவது பதிவு தொடங்கும்போது அலை தன் சுழற்சியில் எங்கே இருக்கிறது என்பதை, சார்ந்தது. எனவே பதிவின் தொடக்கத்தைச் சில புள்ளிகள் தள்ளியும், முன்னும் பின்னுமாகக் கணிக்கும் குறைந்த வர்க்க முறையிலும் மீண்டும் பார்த்தேன், இரண்டிலும் 26.5 நிலைத்தது. வரைபடத்துக்கு 14-ஐ எடுத்துக்கொண்டு, 12 முதல் 20 வரை முடிவு மாறவில்லை என்பதையும் அறிக்கையில் சேர்த்தேன்.