தைராய்டால் பிதுங்கிய கண்: எந்தச் சுவரை எடுப்பது?

கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மி.லி. தைராய்டு கண்நோயில் உள்ளே தசையும் கொழுப்பும் வீங்க, கண் முன்னால் பிதுங்குகிறது. கண்குழியின் நெருக்கடியைக் குறைக்கும் ஆர்பிட்டல் டீகம்ப்ரஷன் ஆபரேஷனில் எலும்புச் சுவரை எடுத்து இடம் உண்டாக்குகிறார்கள். எந்தச் சுவர் என்பதுதான் கேள்வி.

மூக்குப் பக்கச் சுவர் காகிதம்போல மெல்லியது. மூக்கு வழியே எண்டோஸ்கோப் விட்டே எடுக்கலாம். பார்வை நரம்பு நெரிபட்டிருந்தால் இதன் பின்கோடி வரை போயே ஆகவேண்டும். ஆனால் கண் தசை சைனஸுக்குள் (மூக்கை ஒட்டிய காற்றறைக்குள்) சரிந்து இரட்டைப் பார்வை வரலாம். கீழ்த்தளத்தையும் எடுத்தால் அந்த ஆபத்து கூடும். கன்னமும் மேலுதடும் மரத்துப்போகலாம். இரண்டும் சேரும் மூலை எலும்பை முன்பகுதியிலாவது விட்டுவைப்பது நல்லது.

தோற்றத்துக்காக மட்டும் என்றால் நான் வெளிச்சுவரைத்தான் சொல்வேன். இரட்டைப் பார்வை குறைவு. ஆனால் எலும்பைக் குடையும் டிரில் எல்லை மீறினால் மூளையுறை கிழிந்து மூளைத் தண்டுவட நீர் கசியும். சிலருக்கு முறுக்கைக் கடிக்கும்போது பார்வை ஆடும். மெல்ல உதவும் நெற்றிப்பொட்டுத் தசை கண்குழித் திசுவோடு ஒட்டுவதால் வருவது அது.

அபூர்வம் என்றாலும் ஆபரேஷனுக்குப் பின் கண்குழிக்குள் வரும் ரத்தக்கசிவுதான் பயங்கரம். வலி ஏறி, கண் கல்லாக இறுகி, பார்வை மங்கினால் நிமிடக் கணக்குதான்; இமைகள் சேரும் வெளி ஓரத்தை வெட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும். புதுச்சேரியில் ஆபரேஷன் முடித்து அன்றே கடலூருக்குப் பஸ் ஏறாதீர்கள். சைனஸ் பக்கம் திறந்திருந்தால் டாக்டர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தவும் கூடாது.

மாறுகண், இமைத் திருத்தம் எல்லாம் இதற்குப் பிறகுதான். சிகரெட்டை இன்றே நிறுத்துங்கள்.