3,285 ரூபாயும் 328 ரூபாயும்

2019 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் பிஐ டெவலப்பராக, அதாவது டேட்டாவை ரிப்போர்ட்டாக்கித் தருபவனாகச் சேர்ந்தேன். அதற்கு முன் நான்கு வருடம் சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்கு விற்பனை ரிப்போர்ட் போட்டுக்கொண்டிருந்தவன். பில் போட்டால் விற்பனை, சரக்கு திரும்பி வந்தால் கழித்தல், அவ்வளவுதான் அங்கே கணக்கு. இங்கேயும் டேபிளும், டேபிள்களை இணைக்கும் ஜாயினும்தானே என்ற தெனாவெட்டோடு உள்ளே போனேன்.

முதல் வேலையே வாகனக் காப்பீட்டின் லாஸ் ரேஷியோ. கிடைத்த பிரீமியத்தில் எத்தனை சதவீதம் கிளெய்முக்குப் போகிறது என்பதைக் கிளை வாரியாக, வண்டி வகை வாரியாகப் பவர் பிஐ என்ற ரிப்போர்ட் மென்பொருளில் காட்ட வேண்டும். அதுவரை நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் தரும் எம்ஐஎஸ் குழு மாதாமாதம் எக்ஸெலில் செய்துவந்த வேலை அது. மூன்று வாரம் கொடுத்தார்கள், இரண்டே வாரத்தில் முடித்து டெமோ காட்டினேன். லாஸ் ரேஷியோ குறைவு என்றால் பச்சை, கூடினால் சிவப்பு; பெரும்பாலான கிளைகள் பச்சையாக மின்னின. எல்லாரும் தலையாட்டினார்கள். ஃபைனான்ஸ் மேடம் மட்டும், "டிபியோட டேலி பண்ணிப் பாத்தீங்களா?" என்றார். டிபி என்றால் டிரையல் பேலன்ஸ், அதாவது கணக்குப் புத்தகத்தின் இருப்புப் பட்டியல் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பார்த்தேன். என் பிரீமியம் கோடிக்கணக்கில் கூடுதலாக இருந்தது. அதை இறக்கி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

முதலில் கிடைத்தவை என் சொந்தத் தப்புகள். பாலிசி டேபிளையும் கிளெய்ம் டேபிளையும் நேராக ஜாயின் செய்திருந்தேன். ஒரு பாலிசியில் மூன்று கிளெய்ம் வந்தால் அதன் பிரீமியமும் மூன்று தடவை கூட்டப்பட்டது. அப்புறம் ரத்தான பாலிசிகள். பிரீமியம் கைக்கு வராமல் ரிஸ்க் எடுக்கக் கூடாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. அதனால் செக் திரும்பினால் பாலிசியை ரத்து செய்துவிடுவார்கள். அந்த ரத்து, பாலிசி டேபிளில் இல்லாமல் மைனஸ் தொகையோடு, பாலிசியில் பின்னால் செய்யும் மாற்றங்களுக்கான என்டார்ஸ்மென்ட் டேபிளில் போய் உட்கார்ந்திருக்கும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

எக்ஸெல் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். எந்த பாலிசி எந்தக் கிளையுடையது என்ற பட்டியல் எக்ஸெலில் வந்தது. பாலிசி எண் 18 இலக்கம், எக்ஸெல் எண்ணாக வைத்துக்கொள்வதோ 15 இலக்கம்தான். மீதி மூன்றையும் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக்கிவிடும். நூற்றுக்கணக்கான பாலிசிகள் ஒரே எண்ணாகிவிட்டிருந்தன. பாலிசி எண் இருந்த நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றி அனுப்பச் சொன்னதோடு பிரச்சினை தீர்ந்தது. கண்டுபிடிக்கத்தான் நாலு நாள்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் பெரிய தொகை ஒன்று அசையவே இல்லை. வண்டி வகை வாரியாகப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் புது பைக், புது கார். அதுவும் 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்றவை. ரிஸ்க்கையும் வருங்காலக் கிளெய்மையும் கணக்கிடும் ஆக்சுவரி பிரிவில் இருந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "செப்டம்பர் ஒண்ணாம் தேதி என்ன நடந்துச்சுன்னு தெரியாதா தம்பி?"

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புது காருக்கு மூன்று வருடமும் புது இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து வருடமும் தேர்ட் பார்ட்டி காப்பீட்டை, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும். 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை உள்ள பைக்குக்கு ஐந்து வருடத்துக்கும் சேர்த்து அப்போது 3,285 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அந்த மொத்தத்தையும் நான் அந்த ஒரு வருடத்து வருமானமாகப் போட்டிருந்தேன்.

அவரே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். 3,285-ஐ ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 657. அக்டோபர் 1-இல் வண்டி எடுத்திருந்தால் மார்ச் 31 வரை 182 நாள். 657-ஐ 365-ஆல் வகுத்து 182-ஆல் பெருக்கினால் 327 ரூபாய் 60 காசு. "இவ்வளவுதான் நாம சம்பாதிச்சது. மீதி இன்னும் அந்த பைக்காரரோட காசு." ஒரு பைக்குக்கே என் ரிப்போர்ட் பத்து மடங்கு காட்டியிருக்கிறது. லாஸ் ரேஷியோவில் வகுக்கும் எண்ணான பிரீமியம் பத்து மடங்கு வீங்கினால் எந்தக் கிளைதான் பச்சையாகத் தெரியாது?

சரி, ஐந்தால் வகுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அதிலும் ஒரு சிக்கல். பெரும்பாலான பாலிசிகளில் தேர்ட் பார்ட்டி ஐந்து வருடம், வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி ஒரே வருடம். ஒரே பாலிசிக்கு இரண்டு முடிவுத் தேதி. என் டேபிளிலோ முடிவுத் தேதிக்கு ஒரே நெடுவரிசைதான். பாலிசி அளவில் இருந்த முழு மாடலையும் கலைத்து, கவர் அளவில், அதாவது தேர்ட் பார்ட்டி தனி, சொந்தச் சேதம் தனி என்று மறுபடி கட்டினேன். மூன்று மாதத்தில் பாதி இதற்கே போனது.

கிளெய்ம் பக்கத்துக்கு ஓய்வு பெறப்போகும் ஒரு சார்தான் குரு. "எந்த வருஷத்துக் கிளெய்ம்?" என்று நான் கேட்டதற்கு, "விபத்து நடந்த வருஷமா, நமக்குச் சொன்ன வருஷமா, பணம் குடுத்த வருஷமா?" என்று திருப்பிக் கேட்டார். தேர்ட் பார்ட்டி வழக்கு விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும், அப்போது வழக்குப் போடக் காலக்கெடுவும் கிடையாது. விபத்து நடந்து சில வருடம் கழித்துக்கூட சம்மன் வரும். அதனால் கொடுத்த பணத்தை மட்டும் கூட்டினால் போதாது. கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒதுக்கிய ரிசர்வும், நடந்தும் இன்னும் நம் காதுக்கு வராதவற்றுக்கான ஐபிஎன்ஆரும் சேர வேண்டும். ஐபிஎன்ஆரை ஆக்சுவரிதான் தருவார், கிளை வாரியாகத் தரமாட்டார். அதனால் கிளைப் பக்கத்தில் அது சேரவில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் குறிப்பை நான் நீக்கவில்லை.

மே கடைசியில் டிபியோடு உட்கார்ந்தோம். சிறிய வித்தியாசம் ஒன்று மிஞ்சியது. மார்ச் 31 இரவு சிஸ்டத்தில் போட்ட பாலிசிகள் சில, கணக்கில் ஏப்ரல் 1-இல் ஏறியிருந்தன. அதை மறைக்காமல் டேஷ்போர்டின் அடியிலேயே தனி வரியாக வைக்கச் சொன்னார் மேடம். இன்றைக்கும் எந்த ரிப்போர்ட் செய்தாலும் அந்த வரியைத்தான் முதலில் கட்டுகிறேன்.

திருத்திய டேஷ்போர்டைத் திங்கள்கிழமை வெளியிட்டோம். பத்தரை மணிக்கே ஒரு கிளை மேலாளரிடமிருந்து போன். "தம்பி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பச்சையா இருந்தேனே, இப்ப என்ன செவப்பா ஆக்கி வெச்சிருக்கீங்க?" அவர் கிளையில் பாதிக்கு மேல் புது பைக் வியாபாரம். நான் தாளை எடுத்து, 3,285-ஐ ஐந்தால் வகுக்கத் தொடங்கினேன்.