யூரின் கல்ச்சர்: டப்பா ஒன்று, போனது நான்கு நாள்

அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. காய்ச்சல் இல்லை. டாக்டர் யூரின் ரொட்டீனும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் எழுதினார். ரொட்டீன் அன்று மாலையே வந்தது: சீழ்செல்கள் ஏராளம், கிருமி உண்டாக்கும் நைட்ரைட்டும் பாசிட்டிவ். கல்ச்சர் வரட்டும் என்று மாத்திரையைத் தொடங்கவில்லை. நான்காம் நாள் வந்த ரிப்போர்ட்டில் ஒரே வரி: பல கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறுபடி மாதிரி தரவும். கட்டின பணமும் போச்சு, அம்மா பொறுத்த எரிச்சலும் வீண்.

தவறு இரண்டு இடத்தில். டப்பாவை நீட்டிய கவுன்டரில் "பிடிச்சுக் கொண்டு வாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா முதலில் வந்ததையே பிடித்துவிட்டார். சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றித் தோலில் எப்போதும் இருக்கும் கிருமிகளை முதல் நீர்தான் அடித்துக்கொண்டு வரும். அடுத்து, காலை ஆறரைக்குக் கொடுத்த டப்பா பகல் பன்னிரண்டு வரை மேஜை மேலேயே கிடந்தது. மெயின் லேபுக்கு வண்டி அப்போதுதானாம்! உடல் சூட்டில் இ.கோலை என்ற கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரே ஒரு கிருமி, இரண்டு மணி நேரத்தில் 64 ஆகிவிடும். அறைச் சூட்டில் கொஞ்சம் மெதுவாக, ஆனாலும் பெருகும்.

கல்ச்சரில் எண்ணிக்கைதான் தீர்ப்பு. ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீரைக் கம்பி வளையத்தால் எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் இழுத்து, 35–37 டிகிரியில் ஓர் இரவு வைப்பார்கள். 100 கிருமிப் புள்ளி வளர்ந்தால் மில்லிக்கு 1 லட்சம். நாலே நாலு தோல் கிருமி டப்பாவுக்குள் பெருகினாலே கணக்கு கெட்டுவிடும்.

இரண்டாம் முறை: வெறும் தண்ணீரில் முன்னிருந்து பின்னாகக் கழுவி, இதழ்களை விலக்கிப் பிடித்து, முதல் நீரைக் கழிப்பறையில் விட்டு, நடுவில் வருவதை மட்டும் 20 மில்லி. மூடியின் உட்புறத்தில் விரல் படவே கூடாது. நேராக மெயின் லேபுக்கே கொண்டுபோனோம், முக்கால் மணி நேரத்தில். இரண்டு மணி நேரத்துக்குள் முடியாதென்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள் (ஃப்ரீசரில் அல்ல), 24 மணி நேரம் தாங்கும். ஆன்டிபயாடிக் ஒரு வேளை உள்ளே போனாலும் கிருமி வளராமல் போகலாம். மாத்திரை தொடங்காததால்தான் எங்களுக்கு இரண்டாம் வாய்ப்பே கிடைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும்: நைட்ரைட் நெகட்டிவ் என்றால் தொற்று இல்லை என்று அர்த்தமில்லை. என்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதில்லை. உண்டாக்கும் கிருமிக்கும் சிறுநீர் பையில் நாலு மணி நேரமாவது தங்க வேண்டும்.

இம்முறை ஒரே கிருமி, இ.கோலை, 1 லட்சத்துக்கு மேல். பார்த்ததும் அப்பாடா என்றிருந்தது. குடலில் சாதுவாக இருப்பதுதான். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் 4 செ.மீ. நீளமே என்பதால் எளிதில் மேலேறும். மயிரிழை போன்ற நீட்சிகளால் பையின் சுவரைப் பற்றிக்கொள்வதால் சிறுநீர் அதை அடித்துப் போவதில்லை.

எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலுக்கு இன்னொரு நாள். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நேரே 'ஆர்', அதாவது கேட்காது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதைத்தான் தந்திருப்பார்கள். நைட்ரோஃபுரன்டாயினுக்கு 'எஸ்', அதாவது கேட்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்த பிறகே டாக்டர் எழுதினார்: 100 மி.கி., காலையும் இரவும் சாப்பாட்டோடு, 5 நாள். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயம் வேண்டாம். ஆனால் குளிர்காய்ச்சலோ விலாவுக்குக் கீழே முதுகுவலியோ வாந்தியோ வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அங்கே இந்த மருந்து போதிய அளவு சேராது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.