மூணும் நாலும் சேராது, நாலும் அஞ்சும் சேரும்

எங்கள் கல்லூரி அலுவலக நெட்வொர்க் 192.168.4.0/24. (/24 என்றால் 32 பிட் முகவரியில் முதல் 24 பிட் அந்த நெட்வொர்க்கில் எல்லாருக்கும் ஒன்றே; இந்த எண் ஒன்று குறைந்தால் இடம் இரட்டிப்பு.) அதில் கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியது 254 முகவரிதான். ஆளுக்கொரு லேப்டாப், போன் என்று சேரச் சேர, காலை பத்து மணிக்கு மேல் வருபவர்களுக்கு ஐபி முகவரி கிடைக்காது; 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நெட் இல்லாமல் நிற்பார்கள். பழைய லேப் மூடியதால் 192.168.3.0/24 காலி. "மூணையும் நாலையும் சேர்த்து ஒரு /23 ஆக்கிடலாமே சார்" என்றார் எங்களோடு வேலை பார்க்கும் தம்பி.

பக்கத்துப் பக்கத்து எண்கள்தான், ஆனாலும் சேராது. பைனரியில் 3 என்பது 00000011, 4 என்பது 00000100. /23 ஆக வேண்டுமானால் இந்த எட்டு பிட்டில் முதல் ஏழும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கடைசி பிட் மட்டும்தான் மாறலாம். 4க்கு ஜோடி 5. 3க்கு ஜோடி 2. மூணும் நாலும் ஒரே வரம்பில் வந்தே தீர வேண்டுமென்றால் 192.168.0.0/21 வரை போகணும். 0 முதல் 7 வரை அத்தனையும் உள்ளே வந்துவிடும், ஹாஸ்டல் வைஃபை உட்பட.

192.168.5.0/24இல் சிசிடிவி கேமராக்கள் இருந்தன. அவற்றை 3க்கு மாற்றிவிட்டு 4, 5 இரண்டையும் 192.168.4.0/23 ஆக்குவது என்று முடிவு செய்தோம். எண்பது சொச்சம் கேமராவுக்கு ஒரு முழு /24 தர எனக்கு மனமில்லை. 192.168.3.0/25 போதும், 126 முகவரி. மிச்சப் பாதியை இரண்டு /26 ஆக்கி, ஒன்றை வருகைப்பதிவு மெஷின்களுக்குக் கொடுத்து, மற்றதைக் காலியாக வைத்தோம். பிரிக்கும்போது பெரிய துண்டை முதலில் வெட்டிவிட வேண்டும். 192.168.3.0இல் ஒரு /26ஐ வைத்துவிட்டால் 192.168.3.64இலிருந்து /25 தொடங்க முடியாது.

இப்படி நமக்கு வேண்டிய அளவில் வெட்டவும் ஒட்டவும் வழி செய்தது 1993இல் வந்த சிஐடிஆர் முறை. அதற்கு முன் ஏ, பி, சி என்று அளவு மாறாத வகுப்புதான்; சி வகுப்பு என்றால் 254 முகவரி. 254 பத்தாத நிறுவனம் அறுபத்தையாயிரம் முகவரி கொண்ட பி வகுப்பைக் கேட்கும், இல்லையென்றால் பல சி வகுப்புகளை வாங்கி இணைய ரவுட்டர்களின் அட்டவணையை ஊத வைக்கும்.

மாற்றும் நாளுக்கு முன்பே டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் சேவை) லீஸை, அதாவது கொடுத்த முகவரி செல்லும் காலத்தை, ஒரு மணி நேரமாகக் குறைத்து வைத்தோம். நெட்வொர்க்கை விட்டு வெளியே போகும் வாசலான கேட்வே 192.168.4.1 அப்படியே இருக்க, நெட்வொர்க்கின் எல்லையைச் சொல்லும் மாஸ்க் மட்டும் /23க்கு உரிய 255.255.254.0 ஆனது. கம்ப்யூட்டர்கள் தானாக மாறிக்கொண்டன. கையால் ஐபி போட்ட கருவிகள்தான் உயிரை வாங்கின.

அக்கவுண்ட்ஸ் பிரிண்டர் சிலருக்கு அச்சடித்தது, சிலருக்கு அசையவே இல்லை. விசாரித்தால், முகவரி 4இல் உள்ளவர்களுக்கு வேலை செய்கிறது, 5இல் உள்ளவர்களுக்கு இல்லை. பிரிண்டரில் பழைய 255.255.255.0 மாஸ்க், கேட்வே இடம் வெற்று. 5இலிருந்து வரும் பாக்கெட் அதற்கு வெளியூர் ஆள். பதில் அனுப்ப வழி தெரியாது. மாஸ்க்கைத் திருத்தி கேட்வேயையும் போட்டதும் எல்லாருக்கும் அச்சடித்தது. பிறகு பிரிண்டர், ஸ்கேனர் ஒவ்வொன்றையும் தேடிப் போய்த் திருத்தினோம்.

/23இல் 192.168.4.255, 192.168.5.0 இரண்டும் சாதாரணமாகக் கொடுக்கக்கூடிய முகவரிகளே. இருந்தும் டிஹெச்சிபியில் அவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். பழைய மாஸ்க்கோடு எங்காவது ஒரு கருவி மிஞ்சியிருந்தால், 4.255ஐ அது பிராட்காஸ்ட், அதாவது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முகவரி, என்றே எடுத்துக்கொள்ளும்.