பெருமாள்மலையில் எழுதிய இரண்டு பலகைகள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில், பழனிக்குப் போகும் சாலை பிரிகிற இடத்தில் எங்கள் பெருமாள்மலை இருக்கிறது. அந்தச் சந்திப்பில் முப்பது ஆண்டுகளாகப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்து வருகிறேன். ஃபிளக்ஸ் அச்சு வந்த பிறகு வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது என்றாலும், விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் பேரிக்காய் விற்கும் கொட்டகைகளிலும் தொங்கும் தகரப் பலகைகளில் இன்னும் என் எழுத்தைப் பார்க்கலாம். அவற்றை யாரும் நின்று படிப்பதில்லை. விடுதியைத் தேடுகிறவர் விடுதியைக் கண்டதும் போய்விடுவார். ஊரார் நின்று படித்து, வாதிட்டு, சிலர் கோபமும் கொண்ட பலகைகள் இரண்டே இரண்டு. இரண்டையும் 2020 ஜூன் மாதத்தில், பொதுமுடக்கத்தால் மலை வெறிச்சோடிக் கிடந்தபோது எழுதினேன்.

முதல் பலகையை எழுதச் சொன்னவன் எங்கள் தெருப் பையன். சென்னையில் படித்துக்கொண்டிருந்தவன், கல்லூரி மூடியதால் வீட்டுக்கு வந்திருந்தான். மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில், 20 டாலர் கள்ளநோட்டுக் கொடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தவரைத் தரையில் கவிழ்த்து, டெரிக் ஷோவின் என்ற காவலர் அவருடைய கழுத்தில் முழங்காலை ஊன்றி 9 நிமிடம் 29 வினாடி அழுத்திக் கொன்றதை அவன் கைப்பேசியில் முழுவதுமாகப் பார்த்திருந்தான். அந்தக் காட்சியைப் பதிவு செய்தவள் 17 வயதுப் பெண். அவள் அங்கே இல்லாதிருந்தால், அந்த நகரக் காவல்துறை முதலில் வெளியிட்ட குறிப்பே நிலைத்திருக்கும். காவலர்களோடு இருந்தபோது ஒருவருக்கு உடல்நலக் கோளாறு ஏற்பட்டு அவர் இறந்துவிட்டார் என்ற அளவில்தான் அந்தக் குறிப்பு பேசியது. முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

"மாமா, பிளாக் லைவ்ஸ் மேட்டர்ங்கிறதைத் தமிழ்ல எழுதித் தாங்க" என்று ஒரு தகரத்தோடு வந்து நின்றான். 2012-இல் ஃபுளோரிடாவில் ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொன்றவர் 2013-இல் விடுதலையானபோது மூன்று பெண்கள் பரப்பிய முழக்கம் அது என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இருவரும் ஒரு பிற்பகல் முழுவதும் சொற்களோடு மல்லுக்கட்டினோம். 'கறுப்பர் வாழ்வு முக்கியம்' என்று எழுதிப் பார்த்தால் அரசு அலுவலக அறிவிப்பைப்போல இருந்தது. கடைசியில் 'கறுப்பர் உயிரும் உயிரே' என்று வந்து நின்றது. வெள்ளை எனாமல் பூசி, கறுப்பில் எழுதிக் கொடுத்தேன். சந்திப்பிலுள்ள தேநீர்க் கடைக்காரர் தம் சுவரில் மாட்டிக்கொள்ள இடம் கொடுத்தார்.

அன்று மாலை முதலே பேச்சு தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் நடந்ததற்குப் பெருமாள்மலையில் எதற்குப் பலகை என்று கேட்டவர்களே அதிகம். நோய்க்காலத்தில் இதெல்லாம் தேவையா என்றார் ஒருவர். பலகையைப் படித்துவிட்டுப் பையனைப் பார்த்து, "கருவாயனுக்குக் கறுப்பன்மேல பாசம் வந்திருச்சு" என்றார் இன்னொருவர். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையனை எங்கள் தெருவில் சின்ன வயதிலிருந்து அந்தப் பெயரால்தான் அழைத்து வந்தோம். நானும் அழைத்திருக்கிறேன். அன்று அவன் முகம் மாறியதைப் பார்த்த பிறகு ஒருநாளும் அழைத்ததில்லை. நிறத்தை வைத்துத் தாம் கேட்க நேர்ந்த ஏச்சுகளைப் பற்றி 2017-இல் சென்னைக் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த் வெளிப்படையாக எழுதியதை அன்று நினைத்துக்கொண்டேன். அதே 2020 ஜூனில்தான், ஹைதராபாத் அணிக்காக ஆடிய காலத்தில் தம்மை அழைத்த 'காலூ' (இந்தியில் 'கறுப்பன்') என்ற சொல்லின் பொருளைத் தாமதமாகத் தெரிந்துகொண்டதாக மேற்கிந்தியத் தீவுகளின் டேரன் சாமி வேதனையோடு பேசினார். அவரும் அதுவரை அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தவர்தான்.

எல்லா மறுமொழிகளிலும் என்னை அதிகமாகக் குழப்பியது ஒரு நல்ல மனிதர் கேட்ட கேள்வி. பழத்தோட்டம் வைத்திருப்பவர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். "எல்லா உயிரும் உயிர்தானே? அப்படியே எழுதியிருந்தா ஒருத்தருக்கும் வருத்தம் இருக்காதே" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அது நியாயமாகவும் பட்டது. இதே மறுமொழியை அமெரிக்காவிலும் பெருந்திரளான மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தேநீர் குடிக்க வந்தவர் பலகையை நெடுநேரம் பார்த்தார். எழுத்துப் பிழை கண்டுவிட்டாரோ என்று அஞ்சினேன். "தம்பி, இதில் இருக்கும் உம் எந்த உம் என்று தெரியுமா?" என்று கேட்டு, அவரே விளக்கினார். 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு இலக்கணத்தில் எட்டுப் பொருள்கள் உண்டு. 'எல்லா உயிரும்' என்பதில் உள்ளது முற்றும்மை. மிச்சமில்லாமல் அனைத்தையும் தழுவி முடித்துவிடுவது. 'கறுப்பர் உயிரும்' என்பதில் உள்ளது எச்சவும்மை. சொல்லப்படாத மற்றொன்றைத் தழுவி நிற்பது. 'முருகனும் வந்தான்' என்றால் வேறு யாரோ முன்பே வந்துவிட்டார்கள் என்பது பொருள். கறுப்பர் உயிரும் உயிரே என்றால், வேறு சிலருடைய உயிரை உலகம் முன்பே உயிராக எண்ணிவிட்டது, இவர்களுடையது எண்ணப்படாமல் நிற்கிறது என்பது பொருள். முற்றும்மையைப் போட்டவுடன் அந்த எண்ணப்படாத கணக்கு மறைந்துபோகும் என்றார். பழத்தோட்டக்காரர் கேட்டது எங்கே தவறுகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆங்கில முழக்கத்தில் இந்த 'உம்' வெளிப்படையாக இல்லை. கேட்பவர்தான் அதைச் சேர்த்துக் கேட்க வேண்டும். சேர்த்துக் கேட்க மனமில்லாதவர்கள், மற்றவர் உயிர் மட்டமா என்று சண்டைக்கு வந்தார்கள்.

அதன் பிறகு பலகைகளைப் பற்றியே தேடித் தேடிப் படிக்கலானேன். தொழில்காரனுக்கு அது இயல்பு. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம், எங்கேனும் ஒரு கறுப்பினத்தவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்ட செய்தி வரும்போதெல்லாம், 'நேற்று ஒரு மனிதன் கும்பலால் கொல்லப்பட்டான்' என்று வெள்ளை எழுத்தில் பொறித்த கறுப்புக் கொடியைத் தன் அலுவலகச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டது. அதில் வசவு இல்லை, கோரிக்கைகூட இல்லை; நடந்தது மட்டும் இருந்தது. குத்தகையை இழக்க நேரும் என்ற மிரட்டலால் 1938-இல் அந்தக் கொடியை நிறுத்த வேண்டியதாயிற்று. 1968-இல் மெம்பிஸ் நகரில், துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை வண்டியின் அழுத்து இயந்திரத்தில் நசுங்கி இறந்த பிறகு, ஏறக்குறைய 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டைகளில் 'நான் ஒரு மனிதன்' என்பது மட்டுமே எழுதியிருந்தது. இதைவிடச் சாந்தமான வாசகத்தை ஒருவர் எழுத முடியுமா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அதற்கும் நகர மேயர் கொடுத்த மறுமொழி, வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்பதே.

அந்தத் தொழிலாளர்களுக்குத் துணையாகப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் 1959-இல் இந்தியாவுக்கு வந்தபோது, எங்கள் மலைக்குக் கீழே, சின்னாளப்பட்டியை அடுத்த காந்திகிராமத்துக்கும் வந்து போனவர். இன்று எங்கள் ஊர்ப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் அவரைப் பற்றிப் பேசாத குழந்தை இல்லை. ஆனால் 1966-இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 விழுக்காட்டினர் அவர்மீது நல்லெண்ணம் இல்லை என்றே சொன்னார்கள். 1963-இல் வாஷிங்டன் பேரணிக்கு முன்னர் கேட்டபோதும் 60 விழுக்காட்டினர் அதை எதிர்த்தனர். அந்த ஆண்டு பர்மிங்ஹாமில் அவர் சிறைப்பட்டபோது, 8 மதகுருமார்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில், போராட்டம் விவேகமற்றது, உரிய காலத்தில் நடக்காதது என்று குறை கூறினார்கள். காலம் சரியில்லை, இடம் சரியில்லை, வாசகம் சரியில்லை என்று எங்கள் தேநீர்க் கடையில் கேட்டதும், கிங் சிறையிலிருந்து பதில் எழுதியதும் ஒரே பேச்சுக்குத்தான். பலகையைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். கழுத்தில் ஊன்றிய முழங்காலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இந்த நினைவுகளோடு நான் இருந்தபோதே சாத்தான்குளம் நடந்தது. ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தேடிப்போன அவருடைய மகன் பென்னிக்ஸையும் அங்கேயே பிடித்துவைத்தார்கள். பிறகு கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைத்தார்கள். 22 இரவு மகன் இறந்தார். 23 விடியலில் தந்தை இறந்தார். அவர்கள் தரையில் உருண்டதால் உட்காயம் ஏற்பட்டது என்று காவல் நிலையத்தில் எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கை சொன்னது. மினியாபொலிஸ் குறிப்பையும் இந்த அறிக்கையையும் அடுத்தடுத்துப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எழுத்தை வைத்து வாழ்கிறவன் நான். எழுத்தை இப்படியும் பயன்படுத்தலாம் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இம்முறை பையன் வந்து கேட்கவில்லை. நானே 'சாத்தான்குளத்துத் தந்தைக்கும் மகனுக்கும் நீதி வேண்டும்' என்று எழுதி, முதல் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன். தொலைவில் நடந்ததற்கு எதற்குப் பலகை என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டவர்கள், இதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இது அருகில் நடந்துவிட்டது. போலீசாரோடு தினமும் முகம் பார்த்துப் பிழைக்க வேண்டியவர்களுக்கு இது ஆபத்து. நேரத்துக்குக் கடையை மூடியிருந்தால் இந்த வினையே இல்லையே என்றார் ஒருவர். கடையை நேரத்துக்கு மூடாததற்கு உயிர் விலையா என்று நான் கேட்டேன். அப்படிச் சொல்லவில்லை என்று எழுந்து போனார். தேநீர்க் கடைக்காரர் மூன்றாம் நாள் இரண்டு பலகைகளையும் கழற்றி, துணியில் சுற்றி, என் பட்டறைக்கே கொண்டுவந்து கொடுத்தார். "ஆர்ட்டிஸ்ட் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைக" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவ்வளவு நாள் சுவரைக் கொடுத்ததே பெரிது.

அந்த மூன்று நாளில் பலகைக்கு முன்னால் எதுவும் பேசாமல் நின்றவர் ஒரு காவலர். சோதனைச் சாவடிப் பணிக்கு வந்தவர், தேநீர் குடித்துக்கொண்டே படித்தார், போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, சாத்தான்குளம் காவல் நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலர் ரேவதி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விசாரிக்கச் சென்ற நடுவரிடம் அன்றிரவு கண்டதைச் சாட்சியமாகச் சொன்ன செய்தி வந்தது. அப்போது அதே காவலர் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, "அந்தம்மா செஞ்சது சாதாரணம் இல்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர் ஒரு வாரம் காத்திருந்திருக்கிறார்.

இன்னொரு மறுமொழியை நான் எதிர்பார்க்கவே இல்லை. மலைத்தேன் விற்க வரும் பளியர் இனத்துப் பெரியம்மா ஒருவர், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "கடைக்காரவுகளுக்கு எழுதிட்டீக. எங்க ஆளுகளை அடிச்சப்ப யாரும் எழுதலையே சாமி" என்றார். 1992-இல் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவல்துறையினரும் பழங்குடி மக்களுக்குச் செய்த கொடுமைக்குத் தீர்ப்பு வர 2011 ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்குத் தண்டனை கிடைத்தது. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் இறந்த ராஜாகண்ணு குறவர் சமூகத்தவர். அந்த ஆண்டுகளில் நானும் இந்தச் சந்திப்பில் தூரிகையோடுதான் இருந்தேன். ஒரு பலகையும் எழுதவில்லை.

எழுதாமல் விட்டவற்றுள் ஒன்று என் கண்ணெதிரே நடந்தது. 2018 சீசனில் ஒரு விடுதியின் முன்னால் ஏணியில் நின்று 'அறைகள் உள்ளன' என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்க மாணவர்கள் மூவர் வந்து அறை கேட்டார்கள். வரவேற்பில் இருந்தவர், அறை இல்லை என்றார். அவர்களில் ஒருவர் நிமிர்ந்து, ஈரம் காயாத என் எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தூரிகையை டப்பாவில் தோய்த்துக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்து வந்த ஒரு குடும்பத்துக்கு இரண்டு அறைகள் கிடைத்தன. அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அண்மையில் அதே விடுதியிலிருந்து பலகையைப் புதுப்பித்துத் தரச் சொல்லி அழைத்தார்கள். பழைய மேலாளர் போய்விட்டார். இப்போது இருப்பவர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றிய பிறகு, எழுதுவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும் என்று சொல்லி, 2018-இல் நடந்ததை அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "நான் வந்த பிறகு அப்படியெல்லாம் இல்லைங்கண்ணே, எல்லாருக்கும் அறை உண்டு" என்றார்.

"ஆப்பிரிக்காவுல இருந்து வர்ற பசங்களுக்கும் உண்டா தம்பி?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. முதலாளியிடம் பேசிவிட்டு அழைப்பதாகச் சொன்னார். பலகை அடிப்பூச்சு பூசிய நிலையில் என் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.