ஓர் ‘இளைப்பாறு’தலுக்கு மூன்று மாதம்

ஜெர்மனியில் உள்ள லைப்ஸிக்குக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆகஸ்டில்தான் ஒரு சின்ன கொயரில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், சேர்ந்தேன். மொத்தம் 17 பேர். இரண்டு மருத்துவர்கள், ஒரு தச்சர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர், மற்றவர்கள் என்னைப் போல ஆபீஸ் ஆட்கள். முறையாகச் சங்கீதம் படித்தவர் எங்களை நடத்துகிற அம்மையார் மட்டும்தான். அவரைப் பற்றி அம்மாவிடம் போனில், “எங்க கண்டக்டர் ரொம்பக் கண்டிப்பு” என்றேன். “ஏன், டிக்கெட் எடுக்கலையா?” என்று கேட்டார் அம்மா. நடத்துநர் என்று எழுதினாலும் அவர் பேருந்தில்தான் ஏறுகிறார், இயக்குநர் என்றால் சினிமாவுக்குப் போய்விடுகிறார். கண்டக்டர் என்றே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலம் தொடங்குவதற்கு முன்னால் வருகிற கடைசி ஞாயிறு இங்கே புராட்டஸ்டன்ட் சபைகளில் இறந்தவர்களை நினைக்கும் நாள். 1816-இல் பிரஷ்ய அரசர் ஏற்படுத்தியது. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை மாலை எங்கள் கச்சேரி. முழுக்க ஹைன்ரிஷ் ஷூட்ஸ் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் பாட்டுகள். பாக் பிறப்பதற்குச் சரியாக நூறு வருடம் முன்னால், 1585-இல் பிறந்தவர். சட்டம் படித்துக்கொண்டிருந்தவரை ஹெஸ்ஸன்-காஸல் ஆட்சியாளர் மோரிட்ஸ் பணம் கொடுத்து வெனிஸுக்கு அனுப்பினார். அங்கே ஜொவான்னி காப்ரியேலி என்ற இசையமைப்பாளரிடம் கற்றுக்கொண்டு வந்தார். காப்ரியேலி சாகும்போது தன் மோதிரம் ஒன்றை இவருக்கு எழுதி வைத்தாராம். கச்சேரியில் என்னைக் கவர்ந்த விஷயம் வேறு. ‘ஸெலிக் ஸிண்ட் டீ டோட்டன்’ என்ற ஒரே வசனத்தை ஷூட்ஸ் 1636-இல் ஒரு விதமாகவும் 1648-இல் இன்னொரு விதமாகவும் அமைத்திருக்கிறார். இரண்டையும் ஒரே மாலையில் பாடுகிறோம். நம் ஊர்க் கல்லறைகளில் பார்த்திருப்பீர்களே, கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று. அதே வசனம்தான், வெளிப்படுத்தல் 14-ஆம் அதிகாரம்.

ஆகஸ்ட் கடைசி

குரல் பார்க்கும்போது கண்டக்டர் பியானோவில் ஒரு ஸ்வரம் தட்டினார். பாடினேன். மறுபடியும் தட்டினார். மறுபடியும் பாடினேன். “நீ படியேறி வருகிறாய். நேராக வாசலில் வந்து நில்” என்றார். எனக்குப் புரியவில்லை. தன் போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே கொஞ்சம் தொட்டுவிட்டுத்தான் மேலே போகிறேன். பத்து வயதில் திருச்சியில் பாட்டு டீச்சரிடம் மூன்று வருடம் உட்கார்ந்ததன் மிச்சம். அங்கே அப்படித் தொடாமல் பாடினால் “என்னடா ஆர்மோனியப் பெட்டி மாதிரி பாடறே” என்று திட்டு விழும். இங்கே ஆறு குரல்களில் ஒரு குரல் அப்படி வழுக்கினால் ஸ்வரக்கூட்டு மொத்தமும் கலங்கிவிடுகிறது.

(இங்கே கொயரில் எல்லாரும் ஒருவரையொருவர் ‘டூ’, அதாவது நீ. அறுபது வயது அம்மையாரை நான் நீ என்றுதான் கூப்பிட வேண்டும். இன்னும் அந்த இடத்தில் வாய் ஒரு நொடி தயங்குகிறது.)

என்னை பாஸில், அதாவது ஆண்களில் மிகத் தாழ்ந்த குரல் வரிசையில், போட்டார்கள். பாஸில் மூன்று பேர்.

செப்டம்பர்

முதலில் எடுத்தது 1648-இல் வந்த ‘கைஸ்ட்லிஷெ கோர்மூஸிக்’ (ஆன்மிகக் கொயர் இசை) தொகுப்பிலிருந்து. அதில் 29 பாட்டுகள். லைப்ஸிக் நகர சபைக்கும் இங்குள்ள தாமஸ் தேவாலய கொயருக்கும் ஷூட்ஸ் சமர்ப்பித்த தொகுப்பு. எங்கள் பாட்டு ஆறு குரல்களுக்கானது. தொடக்கம் எல்லாரும் சேர்ந்து, மெதுவாக. பிறகு குரல்கள் பிரிந்து ஒன்றின் பின் ஒன்றாக வரும். நடுவில் ‘யா, டேர் கைஸ்ட் ஷ்ப்ரிஷ்ட்’, அதாவது ‘ஆம், ஆவியானவர் சொல்கிறார்’ என்று எல்லாரும் ஒரே குரலாய் அழுத்திச் சொல்லும் இடம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 17 பேரும் ‘கைஸ்ட்’ என்று முடிக்கிறார்கள். கண்டக்டர் நிறுத்தி, “யாரோ ஒருவர் கூடுதலாக ஓர் உயிரெழுத்துப் போடுகிறீர்கள்” என்றார். எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னதும் அகப்பட்டேன். நான் சொல்வது ‘கைஸ்ட்’ இல்லை, ‘கைஸ்ட்டு’. பஸ்ஸு, டிக்கெட்டு, கேக்கு என்று முப்பது வருடம் வளர்ந்த நாக்கு. பள்ளியில் குற்றியலுகரத்துக்கு உதாரணம் கேட்டால் ஒன்றுகூட ஞாபகம் வராது. லைப்ஸிக்கில், கூட்டத்துக்கு நடுவில், தானாகவே வந்து நின்றது.

இதற்குப் பழகிய விதம் யாருக்காவது உதவலாம். ‘ட்’ சொன்னதும் நாக்கை மேல்பல் அடியிலிருந்து எடுக்கும்போது தொண்டையிலிருந்து சத்தமே வரக்கூடாது. காற்று மட்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தால் காற்று படவேண்டும். மறு கையின் விரலைத் தொண்டையில் வைத்தால் அதிர்வு இருக்கக்கூடாது. ட்ராமில் இதைப் பயிற்சி செய்தபோது எதிர் சீட்டில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அந்த மாதம் ஒரே ஒரு நாள் எனக்கு நல்ல நாள். பியானோவை மூடிவிட்டு, இந்த சங்கீதத்தில் காந்தாரம் பியானோ காந்தாரம் இல்லை, அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தது என்றார் கண்டக்டர். கணக்கில் சொன்னால் 100 சென்ட் ஓர் அரைப்படி (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம்), பியானோவில் ஸவிலிருந்து அந்தர காந்தாரம் 400 சென்ட், சுத்தமானது 386. மற்றவர்கள் ஸவும் பவும் பிடிக்க, ஒவ்வொரு குரலாகக் காந்தாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பாஸ்காரர்கள் பெரும்பாலும் ஸ, ப பாடுவதோடு சரி. எங்கள் முறை வந்தபோது எனக்கு டீச்சர் வீட்டுத் தம்புரா ஞாபகம் வந்தது. அதில் ப, ஸ, ஸ, ஸ என்றுதான் தந்திகள். ஆனால் சுருதி நன்றாகச் சேர்ந்தால் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாகக் கேட்கும். “கேக்குதா?” என்று டீச்சர் கேட்பார், கேட்காவிட்டாலும் கேட்கிறது என்று தலையாட்டுவேன். அந்தக் காந்தாரத்தை வைத்தேன். அறை ஒரு நொடி பெரிதான மாதிரி இருந்தது. கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார். அடுத்த பாட்டிலேயே ஸவைத் தவறவிட்டேன், அது வேறு.

அக்டோபர்

ஒரு வாரம் எங்கள் நோட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு 1648 அச்சின் நகல்களைக் கொடுத்தார். ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். என் கையில் பாஸ் மட்டும். டெனர் (பாஸுக்கு மேலே உள்ள ஆண் குரல்) என்ன பாடுகிறார் என்று எட்டிப் பார்க்க முடியாது. மாத்திரையைப் பிரித்துக் காட்டும் செங்குத்துக் கோடுகளும் இல்லை. தவறினால் திரும்ப ஏறிக்கொள்ளப் பிடிமானமே கிடையாது. முதல் தடவை ‘டோட்டன்’ தாண்டவில்லை. இரண்டாம் தடவை நான் மற்றவர்களுக்கு ஒரு வரி முன்னால் போய் முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

தாளம் போடுவதையும் அன்றுதான் மாற்றினார். அதுவரை நான்கு திசையிலும் கை வீசிக்கொண்டிருந்தவர், கையைக் கீழே, மேலே, அவ்வளவுதான் என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தான், நிதானமான நாடித்துடிப்பு மாதிரி. எனக்கு உடனே தொடையில் தட்டத் தோன்றியது. தட்டினேன். பக்கத்திலிருந்த ரயில்காரரும் தட்ட ஆரம்பித்தார். கோடு இல்லாதபோது எது அழுத்தமான மாத்திரை என்று தேடவே முடியாது. ‘ஸெலிக்’கில் ‘ஸெ’ அழுத்தம், ‘லிக்’ மெல்ல. வார்த்தை எங்கே சாய்கிறதோ பாட்டும் அங்கே சாய்கிறது. அச்சிட்ட கோடுகளோடு ஒரு மாதம் பாடியும் கேட்காதது இது. அன்றைக்கு மட்டும் ஒத்திகை முக்கால் மணி நேரம் நீண்டது.

அந்தத் தொகுப்பின் முன்னுரையில் ஷூட்ஸ் இளைய இசையமைப்பாளர்களுக்கு ஒரு புத்தி சொல்கிறார். பக்கவாத்திய பாஸை நம்பிப் புது பாணியில் குதிப்பதற்கு முன்னால், குரல்களை மட்டும் வைத்துப் பின்னிப் பழகுங்கள், கெட்டிக் கொட்டையைக் கடித்து உடைத்தால்தான் பருப்பு கிடைக்கும் என்று. இத்தாலியிலிருந்து புது பாணியைக் கொண்டுவந்தவரே 62 வயதில் இப்படி எழுதுகிறார். ஆர்கன் பாஸ் பகுதியைக்கூடக் கேட்டுக்கொண்டதற்காகத்தான் சேர்த்தேன், தேவை என்பதற்காக இல்லை என்கிறார்.

முப்பதாண்டுப் போர் நடந்த காலம். ஷூட்ஸ் வேலை பார்த்த ட்ரெஸ்டன் அரண்மனையில் பாடகர்களுக்குச் சம்பளமே வருவதில்லை. போர் முடிந்த பிறகும் அதே கதை. 1652-இல் ஷூட்ஸ் எழுதிய ஒரு கடிதத்தில், பாஸ் பாடகர் தன் துணிகளை அடகு வைத்துவிட்டு, படுக்கை இல்லாமல் வைக்கோலில் படுத்துக் கிடக்கிறார் என்று வருகிறது. பாஸ்காரர்கள் மூன்று பேரும் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் எங்கள் ஜாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டோம்.

மாதக் கடைசியில் ‘ஸீ ரூஎன்’. அவர்கள் ஓய்கிறார்கள் என்ற இடம். நீண்ட ஸ்வரங்கள், தாழ்ந்த குரல். எங்களுக்கு அது செத்துப்போய்க்கொண்டே இருந்தது. சத்தத்தைக் குறைத்தால் சுருதி இறங்கியது, சுருதியைப் பிடித்தால் சத்தம் ஏறியது. அவரவர் மொழியில் இதற்கு என்ன சொல் என்று கேட்டார் கண்டக்டர். போலந்துக்காரப் பெண் ஒருவர் சொன்னார். நான் ‘இளைப்பாறுவார்கள்’ என்றேன். விளக்கு என்றார். இளைப்பு என்றால் களைப்பு, மூச்சு வாங்குவது. ஆறுவது என்றால் சூடு தணிவது, காபி ஆறுவது மாதிரி. இதை ஜெர்மனில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே இளைத்தது. “அப்படியானால் தூங்கவில்லை, மூச்சு இருக்கிறது” என்றார். மறுபடி பாடினோம். மூச்சை நிறுத்திப் பிடிக்காமல் ஓடவிட்டதும் சுருதி நின்றது. அதற்குப் பிறகு ‘உண்ட் ஈரெ வெர்க்கெ’ என்று குரல்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. அவர்களுடைய செயல்கள் அவர்களைப் பின்தொடர்கின்றன என்று வார்த்தை. ஷூட்ஸ் அதை அப்படியே செய்து காட்டுகிறார், ஒவ்வொரு குரலும் முந்தினதன் குதிகாலை மிதித்துக்கொண்டு வரும்.

நவம்பர்

இப்போது 1636. கேரா என்ற ஜெர்மன் ஊரில் ஆட்சி செய்த ஹைன்ரிஷ் போஸ்துமுஸ் ராய்ஸ் என்பவர், தன் சவப்பெட்டியைச் சாவதற்கு முன்பே செய்யச் சொல்லி, அதில் தான் தேர்ந்தெடுத்த வசனங்களைப் பொறிக்க வைத்தார். அவருடைய அடக்கத்துக்கு ஷூட்ஸ் அந்த வசனங்களை வைத்து எழுதியதுதான் ‘முஸிகாலிஷெ எக்ஸெக்வியன்’. நாங்கள் பாடுவது அதன் மூன்றாம் பகுதி. முன்னால் ஆர்கன் பக்கத்தில் ஐந்து குரல்கள் பைபிளில் வரும் முதியவர் சிமியோனின் பாட்டைப் பாடும். தூரத்திலிருந்து மூன்று குரல்கள் ‘ஸெலிக் ஸிண்ட் டீ டோட்டன்’ பாடும். இரண்டு சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) தேவதூதர்கள், ஒரு பாரிட்டோன் (டெனருக்கும் பாஸுக்கும் நடுவே உள்ள ஆண் குரல்) இறந்தவரின் ஆத்மா. ஆத்மா நான். ரயில்காரர் கைகொடுத்து வாழ்த்தினார்.

எங்களைப் பின்பக்க மாடத்தில் ஏற்றினார்கள். பீடத்திலிருந்து சுமார் 30 மீட்டர். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது என்று வைத்தால், அங்கே பாடுவது எங்களை வந்து சேர ஏறக்குறைய 0.09 நொடி. கேட்டதற்குச் சரியாக நாங்கள் பாடினால், அது முன்வரிசைக்குப் போய்ச் சேரும்போது இரண்டு மடங்கு தாமதம். ஆகவே காதை நம்பாதே, கையைப் பார் என்றார். பார்த்தோம். கை தெரியவில்லை. கண்டக்டர் எங்களுக்கு முதுகு காட்டி நிற்கிறார், கறுப்பு ஸ்வெட்டர், பாதி இருட்டு. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டிப் பார்த்தார், அதுவும் கறுப்பு. கடைசியில் சொப்ரானோ ஒருவர் கீழே ஓடி, தன் தலைமுடியில் இருந்த வெள்ளை ரப்பர் பேண்டைக் கழற்றி அவர் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். அது மேலே, கீழே. காதில் கேட்பதற்கு முன்னால் பாடுவது, சினிமாவில் வாயசைப்பு பொருந்தாத காட்சியில் நாமே நடிப்பது மாதிரி இருக்கிறது. மூன்றாம் நாள்தான் பழகியது.

இன்னொன்று, படிக்கட்டு. முந்தைய பாட்டு நடக்கும்போதே நாங்கள் மூவரும் மரப்படியில் இருட்டில் ஏற வேண்டும். எந்தப் படி கிறீச்சிடும் என்று காலால் தேடிக் கணக்கெடுத்தோம்: நான்கு, ஏழு, பதினொன்று.

கச்சேரி

தேவாலயத்துக்குள் 11 டிகிரி. சின்ன ஆர்கன் குளிரில் சுருதி இறங்கியிருந்தது, நாங்களும் அதோடு இறங்கிக்கொண்டோம். ஒன்பதாவது படி கிறீச்சிட்டது. அது பட்டியலிலேயே இல்லை.

மாடத்தில் நின்று முதல் ‘ஸெலிக்’ பாடியபோது கீழே இரண்டு மூன்று பேர் திரும்பி மேலே பார்த்தார்கள், இருட்டில் எங்களைத் தேடினார்கள். முகம் தெரிந்திருக்காது. என் ஸ்வரங்கள் வழுக்கவில்லை என்று நினைக்கிறேன். ‘ரூஎன்’ வந்ததும் மூச்சை ஓடவிட்டேன். வெள்ளை ரப்பர் பேண்ட் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது.

நேற்று பதிவு வந்தது. மூன்று தடவை கேட்டேன். 1636 நன்றாக இருக்கிறது. 1648-இல், ‘யா, டேர் கைஸ்ட்’ இரண்டாவது முறை வரும் இடத்தில், எல்லாரும் முடித்த பிறகு சின்னதாக ஓர் ‘உ’. அம்மாவுக்கும் அனுப்பினேன். “அந்த ஒரு இடத்துல உன் குரல் நல்லாக் கேக்குதுடா” என்றார்.